யாருக்கு ஊட்டினேன்? குட்டைக் கடல்குதிரைத் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடல்குதிரைகள் வந்த 43ஆம் நாள் காலையில் என் குறிப்பேட்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "குட்டிகள் 4 இறப்பு. தண்ணீர் சரி. உணவு சரி. காரணம் தெரியவில்லை." இரண்டு நாள் முன்பு பிறந்த குட்டிகள் அவை. ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளம். தொட்டியின் அடியில் வால் சுருளாமல் நீட்டிக் கிடந்தன. கடல்குதிரை உயிரோடு இருக்கும்வரை அதன் வால் எதையாவது பற்றிக்கொண்டே இருக்கும். பற்றுவதற்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் இன்னொரு குதிரையின் கழுத்தையாவது பற்றும். நீட்டிய வாலைப் பார்த்தால் பக்கத்தில் போய்ப் பார்க்கவே தேவையில்லை.

"தண்ணீர் சரி, உணவு சரி" என்று அன்று எழுதியதில் ஒன்று உண்மை, ஒன்று பொய். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மேலும் ஒரு வாரமும், ஒரு கைவிளக்கும், பூதக்கண்ணாடியும் தேவைப்பட்டன.

முதலில் தொட்டியைப் பற்றி. நான் இருப்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரில். இந்த ஊர் விரிகுடாவின் கடற்புல் திட்டுகளிலேயே குட்டைக் கடல்குதிரை வாழ்கிறது. ஹிப்போகேம்பஸ் ஜோஸ்டெரே என்பது அறிவியல் பெயர். மெக்சிகோ வளைகுடா, புளோரிடாக் கரை, பஹாமாஸ், கியூபா ஆகியவைதான் அதன் உலகம். வளர்ந்த குதிரையே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். கட்டைவிரல் நகத்தின் மேல் நிறுத்திவிடலாம். ஆயுள் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். 2010இல் வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டதற்கு அடுத்த ஆண்டு, இதை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கக் கோரி மனு போனது. 2020இல் அமெரிக்க அரசு அது தேவையில்லை என்று முடிவு செய்தது. அப்படியிருந்தும் கடலிலிருந்து பிடித்ததை வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என்னிடம் வந்த ஆறும் தொட்டியில் பிறந்து வளர்ந்தவை. மூன்று ஆண், மூன்று பெண்.

தொட்டி 5 கேலன், ஏறத்தாழ 19 லிட்டர். "இவ்வளவு சிறியதா?" என்று கேட்காதவர் இல்லை. கடல்நீர்த் தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பது பொதுவாகச் சரியான பேச்சு. இந்த மீனுக்கு மட்டும் அது பொருந்தாது. இதற்கு இரைப்பை இல்லை, பல்லும் இல்லை. ஊசிமுனைக் குழாய் போன்ற வாயால் இரையை உறிஞ்சுகிறது, உறிஞ்சியது குடல் வழியே விரைவாகப் போய்விடுகிறது, மறுபடி பசிக்கிறது. தேடிப்போய் வேட்டையாடும் வேகமும் அதற்குக் கிடையாது, உலகின் மிக மெதுவான மீன் என்று பெயர் வாங்கியதே இதுதான். ஆகவே இரை அதன் மூக்குக்கு முன்னால் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். 100 லிட்டரில் அந்த அடர்த்திக்கு உணவு கொட்டினால் தண்ணீர் கெடும். 19 லிட்டரில் முடியும்.

வடிகட்டி என்று பார்த்தால் காற்றுப்பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் மட்டும்தான். கைப்பிடி அளவில் இரண்டு கடல்பாறைத் துண்டுகள், பற்றிக்கொள்ளச் சில செயற்கைக் கடற்புல் கொத்துகள், பாசி மேய மூன்று நத்தைகள். நீரின் ஒப்படர்த்தி 1.022, வெப்பநிலை 23 டிகிரி செல்சியஸ். குதிரைகள் வருவதற்கு முன் ஆறு வாரம் தொட்டியை வெறுமனே ஓடவிட்டு, கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்தபிறகே அவற்றை விட்டேன். இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக இல்லை. அடிப்படைகளில் பிழையில்லை என்பதுதான் பின்னால் என்னை ஏமாற்றியது.

நன்றாக இருந்த நாட்கள்

9ஆம் நாள் காலை விளக்கு போட்டதும் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே புல்தண்டைப் பற்றிக்கொண்டு நடுங்கின. நடுக்கம் என்றால் நோயின் நடுக்கம் இல்லை. ஒன்று நடுங்கி நிறுத்தினால் மற்றது தொடங்கும், கேள்வி பதில் போல. இரண்டும் நிறம் வெளுத்திருந்தன. மறுநாள் இரண்டும் வாலை விட்டுவிட்டு நீரில் மேலெழுந்தன, வயிறும் வயிறும் ஒட்டின, சில நொடிகளில் பிரிந்தன. முட்டைகள் ஆணின் பைக்குப் போயிருந்தன. சினைக்காலம் 10 முதல் 12 நாள். 22ஆம் நாள் அதிகாலை 13 குட்டிகள்.

பெரிய கடல்குதிரை இனங்கள் பலவற்றின் குட்டிகள் நீர்ப்பரப்பில் பல வாரம் அலைந்து திரியும், அவற்றுக்கான உணவும் தனி. குட்டைக் கடல்குதிரையின் குட்டி பிறந்த கையோடு வாலால் ஒன்றைப் பற்றிக்கொள்ளும், பெற்றோர் தின்னும் அதே இரையைத் தின்னும். பெற்றோர் அதைத் தின்பதும் அரிது. இதனால்தான் வளர்ப்பவர்கள் இதை எளிய இனம் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எளிமை எல்லாம் மீனிடம்தான், உணவிடம் இல்லை. அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகள்தான் உணவு, ஒருநாளும் தவறாமல், காலையும் மாலையும். உப்பு ஏரிகளில் வாழும் சிறு இறாலினம் அது. தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. அதன் உறைமுட்டைகள் டின்களில் காய்ந்த தூளாக விற்பனைக்கு வரும், உப்புநீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் பொரியும். பொரிப்பதற்கு முன் முட்டையின் ஓட்டைக் கரைப்பது நல்லது. ஒரு தேக்கரண்டி முட்டையை ஒரு மணிநேரம் நன்னீரில் ஊறவிட்டு, வெளுப்புக் கரைசலை ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். காப்பித்தூள் நிறத்தில் இருப்பது சில நிமிடங்களில் சாம்பல் ஆகும், பிறகு வெள்ளை, பிறகு திடீரென்று ஆரஞ்சு. பாத்திரம் கையில் சுடும்; பக்கத்தில் பனிக்கட்டி வேண்டும். ஆரஞ்சைக் கண்ட கணத்தில் வலையில் வடித்து, குளோரின் வாடை போகும்வரை குழாயில் அலச வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் உள்ளிருக்கும் உயிரும் கரைந்துபோகும். ஓட்டோடு ஒட்டிவரும் வேண்டாத உயிர்களும் இதில் அழியும் என்பது கூடுதல் இலாபம்.

முதல் மூன்று வாரம் தவறாமல் இதைச் செய்தேன். குட்டிகள் பிறந்தபின் வேலை கூடியது, அலுவலகத்தில் இரவுப்பணியும் சேர்ந்தது. ஓட்டைக் கரைப்பதை விட்டுவிட்டு முட்டைகளை அப்படியே பொரிக்கத் தொடங்கினேன். இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

24ஆம் நாள் இன்னொன்றும் நடந்தது. குட்டிகளுக்குப் பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் போதவில்லை என்று தோன்றியது. இந்த ஊரில் எங்களுக்குப் பழக்கமான மதுரைக்கார அண்ணன் ஒருவர் பெரிய பவளத்தொட்டி வைத்திருக்கிறார். அவரிடமிருந்து ஒரு கைப்பிடி கீட்டோமார்ஃபா பாசி வாங்கிவந்தேன். சிக்கலாகிப்போன பச்சை நைலான் நூல்கண்டு போல இருக்கும். குழாயில் அலசித் தொட்டியில் போட்டேன். பத்து நிமிடத்தில் எல்லாக் குட்டிகளும் அதில் ஏறிக்கொண்டன. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

தவறான மூன்று சந்தேகங்கள்

41ஆம் நாள் இரண்டாவது ஆண் 9 குட்டிகளை ஈன்றது. 43ஆம் நாள் 4 போயின, 44இல் இன்னும் 2. முதல் ஈற்றில் மிஞ்சியிருந்த 11இலும் சாவு தொடங்கியது. பெரியவற்றில் ஒரு பெண்ணின் நடத்தை மாறியது. புல்லைப் பற்றும், உடனே விடும், சற்றுத் தள்ளிப் போய் மறுபடி பற்றும், மறுபடி விடும். சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறுகிறோமே, அப்படி. அதன் வால்நுனியில் வெள்ளையாக ஒரு திட்டு.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தேன். அம்மோனியா சுழியம், நைட்ரைட் சுழியம், நைட்ரேட் 10. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். ஆக்சிஜன் போதவில்லையோ என்று காற்றுப்பம்பைக் கூட்டி வைத்தேன். இது முட்டாள்தனம் என்று பிறகுதான் உறைத்தது. இந்தக் குதிரையின் தலை அமைப்பே, மூக்குநுனிக்கு முன்னால் நீர் அசையாதபடி இரையை நெருங்குவதற்கானது. 2013இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் படமெடுத்து அளந்து காட்டினார்கள்: அசைவற்ற நீரில், கண்ணிமைப்பதற்குள் தப்பிவிடும் கோபிபோட் என்ற நுண்ணிய ஓட்டுமீன் இரையை அது நூற்றுக்குத் தொண்ணூறு முறை பிடித்துவிடுகிறது. அந்த அமைதியைத்தான் நான் பம்பைத் திருகிக் கெடுத்தேன்.

அடுத்து உணவைச் சந்தேகித்தேன். குட்டிகள் மெலிவாகத் தெரிந்தன, பட்டினி என்று முடிவு கட்டினேன். ஒரு நாளுக்கு இரண்டு வேளையாக இருந்த உணவை மூன்று வேளை ஆக்கினேன், அளவையும் கூட்டினேன். இந்த நிகழ்வு முழுவதிலும் நான் செய்த மிகப் பெரிய பிழை இது. செய்யும்போது பொறுப்பான தாய் போல உணர்ந்தேன்.

மூன்றாவது சந்தேகம் பாக்டீரியா. வால்நுனி வெளுப்பது விப்ரியோ தொற்றின் அடையாளமாகவும் இருக்கலாம். அந்தப் பெண்ணைத் தனித்தொட்டிக்கு மாற்றினேன். இரண்டாம் நாள் இறந்தது. வால்நுனிக் காயம் கொன்றதா, காயத்தில் ஏறிய தொற்று கொன்றதா, இடம் மாற்றிய என் கை கொன்றதா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் முதலில் வந்தது காயம் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை.

50ஆம் நாள் இரவு

விளக்கை அணைத்தபின் நத்தைகள் என்ன செய்கின்றன என்று பார்க்கக் கைவிளக்கை எடுத்தேன். ஒளியைக் கண்ணாடிக்கு நேராக அல்லாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, கண்ணாடி முழுவதும் மெல்லிய வெள்ளை ரோமம் முளைத்திருப்பது போலத் தெரிந்தது. பகலில் இதைப் பார்த்திருக்கிறேன். பாசி என்று நினைத்து, "தொட்டி முதிர்கிறது" என்று மகிழ்ந்துமிருக்கிறேன்.

பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு ரோமமும் ஒரு தண்டு. நுனியில் சிறு கிண்ணம், கிண்ணத்தைச் சுற்றிக் கைகள். அந்தப் பக்கமாகத் துள்ளிவந்த ஆர்ட்டீமியாக் குஞ்சு ஒன்று ஒரு கையில் பட்டது. துள்ளல் நின்றது. மற்றக் கைகள் மடிந்தன. ஒரு நிமிடத்தில் குஞ்சு கிண்ணத்துக்குள். அதற்குப் பிறகுதான் பக்கத்துத் தண்டுகளைக் கவனித்தேன்: ஏறக்குறைய எல்லாவற்றின் வயிற்றிலும் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. நான் பொரித்து, வடித்து, மூன்று வேளையாக ஊட்டிய ஆரஞ்சு.

ஹைட்ராய்டு. ஜெல்லிமீனின் உறவு. ஜெல்லிமீனைப் போலவே கைகளில் கொட்டும் செல்கள் உண்டு. பாறையிலும் பாசியிலும் தண்டுகளாகப் படரும். சில வகைகள் குண்டூசித் தலை அளவில் குடைபோன்ற மெடுசாக்களையும் நீரில் மிதக்கவிடும். அன்றிரவு அவற்றையும் பார்த்தேன், விளக்கொளியில் சுருங்கி விரிந்து நீந்திக்கொண்டிருந்தன. மீனை இவை பொருட்படுத்துவதில்லை, மீனும் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. பெரிய மீனாக இருந்தால். நெல்மணி நீளக் குட்டிக்கு ஒவ்வொரு தொடுகையும் ஒரு சூடு. அந்தக் குட்டிகள் ஏறி அமர்ந்திருந்த கீட்டோமார்ஃபா கொத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியைவிட அதில்தான் அடர்த்தி.

மருந்து

இதற்கு வளர்ப்பவர்களிடையே புழங்கும் மருந்து ஃபென்பெண்டசோல். நாய்க்கும் ஆட்டுக்கும் கொடுக்கிற குடற்புழு மருந்துதான். புழுவின் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்து முடக்குவது அதன் வேலை. ஹைட்ராய்டிலும் அது நடக்கிறது, குதிரைகள் தாங்கிக்கொள்கின்றன. 22.2 சதவீதத் துகள் மருந்தில் 10 கேலனுக்கு அரைக்கால் தேக்கரண்டி என்பது வழக்கில் உள்ள அளவு. என் 5 கேலனுக்கு மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. தாத்தா வாய்ப்பாட்டோடு ஒழிந்தது என்று நினைத்திருந்த சொல், சமையலறை மேசையில் கத்திமுனையால் தூளைப் பங்கு பிரிக்கும்போது வந்து நின்றது.

நத்தைகளை முதலில் வாளிக்கு மாற்றினேன், இந்த மருந்து பல நத்தை இனங்களைக் கொல்லும். பாசிக்கொத்தை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போட்டேன். விரிகுடாவுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறோம் என்பதற்காகத் தொட்டிப் பொருளை அங்கே கொட்டக் கூடாது. தூள் நீரில் கரையாது, திரிந்து மிதக்கும். மூடிபோட்ட புட்டியில் தொட்டிநீரோடு சேர்த்து ஐந்து நிமிடம் குலுக்கி, மோர் போல ஆனதும் ஊற்றினேன். தொட்டி ஒரு நாள் முழுக்கக் கலங்கலாக இருந்தது.

52ஆம் நாள் தண்டுகள் கைகளை உள்ளிழுத்துக் குட்டையாயின. 53இல் கண்ணாடியில் விரல் வைத்துத் தேய்த்தால் உதிர்ந்தன. அதே நாள் அம்மோனியா 0.5 காட்டியது. செத்தவை அத்தனையும் அழுகத் தொடங்கியிருந்தன. பாதி நீரை மாற்றினேன், இரண்டாம் முறை மருந்து போட்டேன், 56இல் மறுபடி பாதி நீர், மூன்றாம் முறை மருந்து. உணவு மீண்டும் இரண்டு வேளை. அதுவும் அரைமணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும் அளவு. பம்பு பழைய நிலைக்கு. இதற்கிடையில் ஓர் ஆண் இறந்தது. முதல் ஈற்றில் 5 பிழைத்தன, இரண்டாம் ஈற்றில் ஒன்றுகூட இல்லை.

எப்படி வந்தது?

எனக்கு இரண்டு குற்றவாளிகள் தெரிந்தார்கள்: அண்ணன் கொடுத்த பாசி, ஓடு கரைக்காமல் பொரித்த என் சோம்பல். எது என்று தெரியாமல் விட்டால் இரண்டாவது முறையும் வரும். மூன்று ஜாடிகள் வைத்தேன். புதிதாகக் கலந்த உப்புநீர், தனித்தனிக் காற்றுக்குழாய். முதல் ஜாடியில் அண்ணனின் தொட்டியிலிருந்தே புதிதாக வாங்கிவந்த கீட்டோமார்ஃபா. என் தொட்டியில் கிடந்தது ஏற்கெனவே கறைபட்டது, அது சாட்சி ஆகாது. இரண்டாவதில் ஓடு கரைக்காத முட்டையில் பொரித்த குஞ்சுகள். மூன்றாவதில் ஓடு கரைத்துப் பொரித்தவை. முதல் ஜாடிக்கும் ஓடு கரைத்த குஞ்சுகளையே ஊட்டினேன்.

ஒன்பதாம் நாள் முதல் ஜாடியின் கண்ணாடியில் ரோமம். மற்ற இரண்டும் மூன்று வாரம் வரை சுத்தம். அண்ணனிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஆறு வருடமாக வைத்திருக்கிறேன், என் தொட்டியில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையே" என்றார். கைவிளக்கோடு போய்த் தேடினோம். ஒரு பாறையின் நிழலில், வடிகட்டிக் குழாயின் உட்புறம், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அவர் தொட்டியில் அது பெருகவில்லை, காரணம் அங்கே யாரும் வேளை தவறாமல் உயிருள்ள குஞ்சுகளை நீர் முழுக்கத் தூவுவதில்லை. என் தொட்டியில் அவற்றுக்குத் தினமும் விருந்து. அதுவும் பட்டினி என்று நான் நினைத்த வாரத்தில் மூன்று பந்தி.

என் சோம்பல் இந்த வழக்கில் விடுதலையானது. ஒரு டின் முட்டையில் வரவில்லை என்பதால் எந்த டின்னிலும் வராது என்று ஆகிவிடாது. ஓடு கரைப்பதை மீண்டும் தொடங்கிவிட்டேன். குழாயில் அலசுவது தூய்மையாக்கல் இல்லை என்பதும் இப்போது தெரியும். தண்டின் அடிவேர் கண்ணுக்குத் தெரியாமல் இழையோடு இழையாக ஒட்டியிருக்கிறது.

இதைக் கேள்விப்பட்டு ஊரிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வியை இங்கே சொல்லியாக வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து என் மாமா போனில், "நம் பக்கம் வலையிலேயே கடல்குதிரை வருமே, இரண்டு வாங்கித் தொட்டியில் விடலாமா?" என்றார். கூடாது. பாக் நீரிணையில் வருபவை வேறு இனங்கள், இதைவிடப் பல மடங்கு பெரியவை. இந்தியாவில் 2001இல் எல்லாக் கடல்குதிரைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் சிறைக்குரிய குற்றம். உலக அளவில் 2004 முதல் இவற்றின் ஏற்றுமதிக்கும் அனுமதிச் சான்று தேவை. மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காய்ந்த கடல்குதிரையை வியாபாரிகள் எடைபோட்டு வாங்கிய காலத்தை அவர் நேரில் பார்த்தவர்.

பிறகு

துணையை இழந்த பெண் இரண்டு வாரம் தனியாகவே ஒரு புல்தண்டில் இருந்தது. 62ஆம் நாள் காலை, துணையை இழந்த ஆணோடு அதே தண்டில் நடுங்கியது. 74இல் 11 குட்டிகள். ஒரு மாதம் கழித்து எண்ணியபோது 10.

நத்தைகள் இன்னும் வாளியிலேயே வாழ்கின்றன. இரண்டு மாதம் கழித்து ஒன்றை மட்டும் தொட்டிக்கு மாற்றிப் பார்த்தேன். மறுநாள் கண்ணாடியிலிருந்து விழுந்து மூடிக்கொண்டது, பிறகு திறக்கவில்லை. பாறைத் துண்டுகள் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன என்பதைத்தான் அது காட்டியது. பாறைகளை எடுத்துவிடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போதைக்கு அந்த மிச்ச மருந்து எனக்குக் காவல்.

அண்ணன் இப்போது தனக்கும் ஒரு சோடி வேண்டும் என்கிறார். புதிதாக 5 கேலன் தொட்டியும் வாங்கிவிட்டார். குட்டிகளுக்குப் பதிலாக ஒரு காலி ஜாடியைக் கொடுத்தனுப்பினேன்: புதுத் தொட்டியின் நீரையும் அதிலுள்ள ஒரு கல்லையும் இதில் போட்டு, தினமும் குஞ்சுகள் ஊட்டி, இரவில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், மூன்று வாரம் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் வாருங்கள். இன்று ஆறாவது நாள். காலையில் படம் அனுப்பியிருந்தார், "இது தூசிதானே?" என்ற கேள்வியோடு. பெரிதாக்கிப் பார்த்தேன். தூசிதான்.